எந்திரிச்சதும் முதல் பீடி

"காலையில எந்திரிச்சு எத்தனை நிமிஷத்துல முதல் பீடி பத்த வைப்பீங்க, அண்ணாச்சி?"

அரசு மருத்துவமனையில் என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெயரும் ஊரும் வயதும் சீட்டிலேயே இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்று கேட்டால் பாதிப் பேர் குறைத்துத்தான் சொல்வார்கள். எழுந்து எத்தனை நிமிடம் என்ற கேள்விக்கு அநேகமாக யாரும் பொய் சொல்வதில்லை. அதுவரை யாரும் அவர்களிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் யோசித்து உண்மையைச் சொல்லிவிடுவார்கள். ஃபேகர்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளரின் பெயரில் ஆறு கேள்விகள் உண்டு, அதில் ஒன்று இது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண். மொத்த மதிப்பெண் கூடக் கூட, உடம்பு நிகோட்டினுக்கு அவ்வளவு பழகிப்போயிருக்கிறது, வெறும் பேச்சு போதாது, மருந்தும் வேண்டியிருக்கும் என்று பொருள்.

2018 கோடையில் வந்த கொத்தனார் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"கண்ணு முழிக்கதே அதுக்குத்தான் தாயி."

தலையணைக்கு அடியிலேயே பீடிக் கட்டும் தீப்பெட்டியும் இருக்குமாம். வயது 52. சளியில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியாகி, மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் அது. மருந்து கொடுக்கும் இடத்திலிருந்து நேராக என்னிடம் அனுப்பியிருந்தார்கள். காற்றோட்டத்துக்காக வெளி வராந்தாவில், வேப்பமரத்துப் பக்கம் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. விரல் நகங்களில் சிமெண்டு, அதற்குப் பக்கத்திலேயே பீடிக் கறை. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு.

எனக்கு அப்பாவின் விரல்கள் ஞாபகம் வந்தன.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது அங்கே பீடி சுற்றாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். அம்மா என் நினைவில் எப்போதும் மடியில் சுளகோடுதான் இருக்கிறாள். ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் பொதிந்து வைத்துவிடுவாள். விடிந்ததும் தகட்டை வைத்து அளவாகக் கத்தரிப்பாள். பிறகு இடுப்பு நிமிராத வேலை. ஒரு சிட்டிகைத் தூளை இலையில் பரப்பி, ஓர் உருட்டு உருட்டி, நுனியை மடக்கி, அடியில் நூலைக் கட்டி முடிப்பதற்குள் அடுத்த இலை விரலுக்கு வந்திருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் உதவித்தொகையில்தான் நான் எட்டாம் வகுப்புச் சீருடை தைத்தேன். எங்கள் வீட்டுச் சோற்றிலும் என் படிப்பிலும் அந்தத் தூள் வாசம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பா கடையில் காசு கொடுத்துப் பீடி வாங்கி நான் பார்த்ததில்லை. மிச்சத் தூளில் அம்மா சுற்றிக் கொடுத்ததையே குடித்தார். அவருக்குக் காசநோய் வந்தது. அரசு மருத்துவமனையில் எதிரிலேயே நிற்க வைத்து மாத்திரையை விழுங்கச் சொன்னார்கள், இலவசமாகவே கொடுத்தார்கள், ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. அதற்காக இன்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் பீடி விஷயத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு சொல்தான்: "விட்டுருங்க." ஒவ்வொரு முறையும் அப்பா தலையாட்டுவார். மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் பற்ற வைப்பார். எப்படி விடுவது என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு டாக்டர் எவ்வளவுதான் பேசுவார்? நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, 2003-ல், அப்பா இறந்தார். காசநோய் திரும்ப வந்திருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பெட்டோவும் மற்றவர்களும் செய்தது. சென்னை நகரத்திலும் விழுப்புரம் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் குடும்பங்களைத் தேடிப் போய், அவர் புகைத்தாரா, எதனால் இறந்தார் என்று விசாரித்திருக்கிறார்கள். உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். புகைக்காதவரைவிடப் புகைத்தவர் காசநோயால் இறப்பது நான்கு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகையே காரணம் என்பது அவர்கள் முடிவு. எங்கோ வெளிநாட்டுக் கணக்கு இல்லை, நம் கிராமத்துத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டு எழுதிய கணக்கு. ஒரு மூத்த மருத்துவர் அதை எனக்கு வாசித்து விளக்கிய அன்று நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

புகையிலையை விட உதவுவதற்கென்று 2002-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நாட்டில் 13 இடங்களில் மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் அவற்றில் ஒன்று. 2007-08-ல் தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை. இதெல்லாம் எங்கள் தெற்குச் சீமையின் ஒரு மருத்துவமனைக்குள் ஒரு மேசையாகவும் இரண்டு நாற்காலியாகவும் வந்து சேர இன்னும் சில வருடங்கள் ஆயின. 2014-ல் நான் ஆலோசகராகச் சேர்ந்தேன். ஜனங்கள் அதை 'பீடி ரூம்' என்றார்கள். 2016-17 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை எடுக்கிறார். அவர்களுக்கு அந்த மேசை.

சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2015-ல் முப்பது வயதைத் தாண்டிய ஓர் ஆட்டோ ஓட்டுநர் வந்தார். வாய்ப்புற்றுப் படங்களைக் காட்டினேன். பிள்ளைகள் முகத்தை நினைத்துப் பாருங்கள் என்றேன். அவரும் கண்கலங்கி, இனிமேல் சிகரெட்டைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிப் போனார். ஐந்து நாள் இருந்தார். ஆறாம் நாள் ஸ்டாண்டில் யாரோ நீட்டியதை வாங்கிவிட்டார். மறுநாளே என்னிடம் வந்து அதைச் சொன்னார், தானாகவே வந்து. நான், "இவ்வளவுதானா உங்க வாக்கு?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பிறகு வரவேயில்லை, நானும் தேடவில்லை. ஒன்றரை வருடம் கழித்து மாத்திரை வாங்கும் வரிசையில் அவர் மனைவியைப் பார்த்தேன். மாரடைப்பு என்றார். "உங்க முன்னால வந்து நிக்க வெக்கமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு அக்கா."

அவருக்கு வேண்டியிருந்தது என்ன என்று இப்போது தெரிகிறது. ஐந்து நாள் இருந்தது பெரிய விஷயம் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஆறாம் நாள் அந்த ஸ்டாண்டில் எந்த நேரம், யார் கொடுத்தது, பசியா அலுப்பா என்று பொறுமையாகக் கேட்டு, இரண்டாம் முறைக்கு வழி செய்திருக்க வேண்டும். விட்டவர்களில் பெரும்பாலோர் பல முறை முயன்றவர்கள்தான். பயிற்சியில் இதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். எனக்கு அது புத்தியில் இருந்தது, நாக்கில் இல்லை.

அதனால் கொத்தனாரிடம் படம் எதையும் காட்டவில்லை. வேலையைப் பற்றிப் பேசினோம். அவர் சொன்ன ஒன்று இன்றைக்கும் எனக்குப் பாடம். "சாரத்துல நிக்கோம். பீடி குடிக்கேன்னு சொன்னா அஞ்சு நிமிஷம் இறங்கி உக்காரலாம். சும்மா உக்காந்தா மேஸ்திரி வைவாரு." நாற்பது டிகிரி வெயிலில் வேலை பார்க்கும் ஒரு மனிதனுக்கு இளைப்பாற இருந்த ஒரே அனுமதிச் சீட்டு பீடி. அதைப் பிடுங்கிக்கொள்வதென்றால் பதிலுக்கு ஐந்து நிமிடத்தை நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும். மேஸ்திரியிடம் நானே போனில் பேசினேன். மாத்திரை சாப்பிடுகிறவர் அடிக்கடி உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்றேன். அது உண்மையும்கூட. அவர் நல்ல மனிதர், உடனே சரி என்றார்.

அடுத்தது கழிப்பறைப் பிரச்சினை. இதை என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு ஆண் பணியாளரிடம் சொல்லி அனுப்பினார். "பீடி இல்லாம வெளிக்கு வர மாட்டேங்கு." இது சாக்கு அல்ல. நிகோட்டின் குடலையும் தூண்டிவிடும், நிறுத்தினால் சில வாரம் மலச்சிக்கல் வரும். எத்தனையோ பேர் நான்காம் நாள் இதற்காகவே தோற்றிருக்கிறார்கள். காலையில் இரண்டு தம்ளர் வெந்நீர், நாட்டு வாழைப்பழம், கீரை, கொஞ்சம் நடை. சின்ன விஷயம்தான். ஆனால் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அது வரும்போது ஆள் பயப்பட மாட்டார். எரிச்சலும் தூக்கமின்மையும் அப்படித்தான். முதல் இரண்டு மூன்று நாள் மோசம், பிறகு மெல்லக் குறைந்து மூன்று நான்கு வாரத்தில் அடங்கும் என்று வீட்டுக்காரரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன்.

நிகோட்டின் சூயிங்கம் கொடுத்து அனுப்பினேன். இரண்டு மில்லிகிராம். இரண்டாம் நாளே விக்கலும் நெஞ்செரிச்சலுமாக வந்து நின்றார். பிள்ளைகள் பபிள்கம் மெல்வதுபோல் வேகவேகமாக மென்று சாற்றை விழுங்கியிருக்கிறார். மென்றுகொண்டே டீயும் குடித்திருக்கிறார். தப்பு என் மேல். காகிதத்தில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேனே தவிர, செய்து காட்டவில்லை. அன்று நானே ஒன்றைப் பிரித்து, மருந்தில்லாத சாதா சூயிங்கம்தான், அவர் எதிரில் மென்று காட்டினேன். மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு கடி. காரமாக ஒரு சுணைப்பு தெரியும். உடனே மெல்லுவதை நிறுத்திவிட வேண்டும். "வெத்தலைக்காரங்க போயிலையைக் கடைவாயில அடக்குவாங்கள்ல அண்ணாச்சி, அப்படி அடக்கி வச்சுக்கணும். சுணைப்பு போனதும் மறுபடி நாலு கடி. அரை மணி நேரம் போகும். அதுக்குக் கால் மணி முன்னால இருந்தே டீ, காப்பி கிடையாது." அடக்குவது என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "அதான விஷயம்! மொதல்லயே சொல்லப்பிடாதா?" என்றார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அப்படியே சொல்கிறேன்.

கடைசியாக அவர் வீடு. அவர் மனைவியும் பீடி சுற்றுகிறவர். ஒரே அறை. ராத்திரி அவர் படுக்கும் பாயிலிருந்து நான்கடி தூரத்தில் ஆயிரம் பீடி. இந்த நிலைமைக்கு எந்தக் கையேட்டிலும் யோசனை இல்லை. எனக்கும் இல்லை. அந்த அம்மாவே வழி கண்டுபிடித்தார். சுளகையும் இலையையும் தூக்கிக்கொண்டு இரண்டு வீடு தள்ளியிருந்த தங்கச்சி திண்ணைக்குப் போய்விட்டார். சுற்றியதை அங்கேயே வைத்து, அங்கிருந்தே கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டார். ஆறு மாதம் அப்படி. வருகிற வழியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாராம். கொத்தனார் பீடியை விட்டதில் பெரிய பங்கு அந்தத் திண்ணைக்கு உண்டு.

மூன்று வாரம் ஒழுங்காக வந்தார். நான்காம் வாரம் ஆளைக் காணோம். மாத்திரையை மனைவி வந்து வாங்கிப் போயிருக்கிறார். ஆட்டோக்காரரின் முகம் எனக்கு வந்துபோனது. அன்று மாலையே போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் செய்தேன். மூன்றாம் நாள் எடுத்தார்.

"சொந்தத்துல ஒரு துட்டி வீடு தாயி. ராத்திரி பூரா உக்காந்திருந்தோம். தாம்பாளத்துல வெத்தலையும் பீடியும் வந்துட்டே இருந்துச்சு. எடுத்துட்டேன். இப்ப ஒரு கட்டு ஆவுது."

"ரெண்டு கட்டு ஒரு கட்டாத்தான ஆயிருக்கு? வெள்ளிக்கிழமை வாங்க. சூயிங்கம் எடுத்து வைக்கேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வையலியே நீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தார். இனிமேல் சாவு வீட்டுக்குப் போனால் எங்கே உட்காருவது, தாம்பாளம் வந்தால் என்ன சொல்வது என்றெல்லாம் பேசினோம். "டாக்டர் மாத்திரை சாப்பிடுதேன்" என்று சொன்னால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள் என்று அவரே முடிவு செய்தார். பீடி சின்னதுதானே, சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவுதானே என்றும் அன்றுதான் கேட்டார். பலரும் நம்புகிற பொய் அது. பீடியில் தூள் குறைவு என்பது சரி. ஆனால் அந்த இலையில் காற்றுப் புகாது, அணைந்து அணைந்து போகும். விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால்தான் எரியும். அப்படி ஆழமாக இழுப்பதால் புகையும் அவ்வளவு ஆழமாக நெஞ்சுக்குள் இறங்குகிறது.

சளியில் கிருமி இருக்கும்வரை ஊதும் கருவியை நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்ததும் ஊதச் சொன்னேன். மூச்சை அடக்கிப் பதினைந்து நொடி, பிறகு மெதுவாக ஊத வேண்டும். மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று காட்டும். 18. சிவப்பு விளக்கு. அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒரு நாள் முழுக்கத் தொடாமல் இருந்தாலே இந்த எண் இறங்கிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொல்லாமலேயே கருவியை நோக்கிக் கை நீட்டினார். 3. பச்சை விளக்கு. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிப் போனார். வீட்டில் சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருப்பதாக அவர் மனைவி பிறகு சொன்னார்.

எல்லா நாளும் இப்படி இருந்ததில்லை. பிறகு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் என் அறையை மருந்துப் பெட்டி அடுக்க எடுத்துக்கொண்டார்கள். மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டார்கள். மேலே நடமாட்டச் சத்தம், பக்கத்தில் ஸ்ட்ரெச்சர். அங்கே உட்கார்ந்து ஒரு மனிதர் தன் பலவீனத்தைப் பற்றி எப்படிப் பேசுவார்? சூயிங்கம் வரத்து ஐந்து மாதம் நின்றது. வெளியில் வாங்கச் சொன்னால், ஒரு நாளைக்கு ஆகும் செலவு ஒரு நாள் பீடிச் செலவைவிட அதிகம். தினக்கூலிக்காரர் என்ன செய்வார்? எழுதி எழுதிக் கேட்டேன். அந்த ஐந்து மாதத்தில் வந்தவர்கள் பலர் திரும்ப வரவில்லை. அவர்களுக்கு நான் இன்னமும் கடன்பட்டவள் என்றே நினைக்கிறேன். 2022-ல் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் நிகோட்டின் மாற்று மருந்தைச் சேர்த்தார்கள். அந்தச் செய்தியைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். காசநோய் மாத்திரை ஒரு நாள் தீர்ந்துபோனாலும் மாவட்டமே பதறும். அந்தப் பதற்றம் இந்த மருந்துக்கும் வர வேண்டும்.

அம்மா ஒரு நாள் என்னைக் கேட்டாள், "எல்லாரும் பீடியை விட்டுட்டா நாங்க என்னத்தளா சுத்த?" என்னிடம் பதில் இல்லை. அவள் முதுகு வளைந்துபோயிற்று, தூளை மூச்சில் இழுத்து இழுத்து அவளுக்கும் இருமல் நிற்பதில்லை. அந்தத் தொழிலை விட்டுவிடச் சொல்வதும் "விட்டுருங்க" என்று அப்பாவிடம் சொன்னது மாதிரிதான். வேறு வேலை, அதற்குப் பயிற்சி, அதுவரை கூலி, இவ்வளவும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது உதவி. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதைச் செய்ய வேண்டியது அரசாங்கத்தின் கடமை. புகையை நிறுத்தும் வேலையில் பாதி அந்தச் சுளகுகளில் இருக்கிறது.

கொத்தனார் இன்றுவரை பீடியைத் தொடவில்லை. சாரத்தில் ஏறுகிறார், ஆனால் முன்னைப்போல் மூன்றாம் மாடிக்கு மூட்டை தூக்க நெஞ்சு இடம் கொடுப்பதில்லை. தன்னோடு வேலை பார்க்கிற ஒன்பது பேரை இதுவரை அழைத்து வந்திருக்கிறார். நான்கு பேர் விட்டுவிட்டார்கள். மூன்று பேர் மறுபடி பிடித்து மறுபடி வருகிறார்கள். இரண்டு பேருக்குப் போன் செய்துகொண்டிருக்கிறேன்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். பீடிக் கட்டிலும் சிகரெட் பெட்டியிலும் 1800-11-2356 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். கட்டணம் கிடையாது. அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அங்கே "விட்டுருங்க" என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுங்கள், மருந்து கொடுங்கள், அடுத்த வாரம் எப்போது வர வேண்டும் என்று கேளுங்கள். அவர் ஏற்கெனவே விட்டுவிட்டு மறுபடி பிடித்தவராக இருந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். இன்னொரு தடவை அழைத்து வாருங்கள்.